தோள்பட்டைக்குள் சீழா? மாத்திரை, ரத்தம், ஸ்கேன், ஊசி: எது முதலில்?

சித்தப்பா தன் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல வீட்டுக்குள் வந்தார். "பாப்பா, ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல" என்றார். எனக்கு வயது 52. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

அவருக்கு 68. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பும் கொஞ்சம் நெல்லும் பயிர். சர்க்கரை பதினைந்து வருஷமாக. தோள்பட்டை ஆறேழு மாதமாகவே இறுகிப்போய், தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடக் கை போகவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்லி, மூன்று வாரத்துக்கு முன் ஒரு கிளினிக்கில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். பத்து நாள் சுகமாக இருந்ததாம். அப்புறம் வலி வேறு மாதிரி வந்தது. நான்கு நாளாகக் கையை எந்தப் பக்கமும் அசைக்க முடியவில்லை. திரும்பப் போனபோது, "ஊசிக்கு அப்புறம் சில பேருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று வலி மாத்திரையோடு ஐந்து நாளைக்கு ஒரு ஆன்டிபயாடிக்கும் எழுதி அனுப்பிவிட்டார்கள். சீட்டு சட்டைப்பையில் இருந்தது. மாத்திரை இன்னும் வாங்கவில்லை. வாங்காதது நல்லதாயிற்று, ஏன் என்று பிறகு வருகிறேன்.

அன்று சாயங்காலம் கூடத்தில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சித்திக்கு எண்ணெய் போட்டுக் கட்டினால் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. என் வீட்டுக்காரர், "எழுதிக் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் போட்டுத்தான் பார்ப்போமே" என்றார். சித்தப்பாவின் மகன், தம்பி, புதுச்சேரி போய் நேராக எம்ஆர்ஐ எடுத்துவிடலாம், அதில் எல்லாமே தெரிந்துவிடும் என்றான். எதிர்வீட்டு அண்ணி ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மூட்டுக்குள் ஊசி விட்டு நீரை எடுத்துப் பார்க்கலாம் என்று அந்தக் கூடத்தில் சொன்னது நான் மட்டும். "ஊசியாலதானே வந்துச்சு, மறுபடியும் ஊசியா?" என்று சித்தி என்னை முறைத்தார்.

நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை லேபில் 27 வருஷமாக டெக்னீஷியன். வைத்தியம் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் மூட்டு நீர்க் குழாய்கள் எந்த நிலையில் உள்ளே வந்தன, எந்த ரிப்போர்ட்டோடு வெளியே போயின என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மேசையிலிருந்து பார்த்தால் இந்த வழிகள் ஒவ்வொன்றும் எப்படித் தெரிகின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தோளைச் சந்தேகப்பட வேண்டும்

மூட்டுக்குள் கிருமி புகுந்தால் அதிகம் மாட்டுவது முழங்கால்தான். அது வீங்கினால் வேட்டிக்கு மேலேயே தெரிந்துவிடும். தோள் அப்படி இல்லை. மேலே தடித்த தசை போர்த்தியிருக்கிறது. உள்ளே சீழ் கோத்திருந்தாலும் வெளியே சிவப்போ வீக்கமோ கண்ணில் படாமல் இருக்கலாம். தோளில் நோயைப் பிடிப்பது தாமதமாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. மூட்டில் கிருமி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் காய்ச்சல் வருகிறது. வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் உடம்பு சுடாமலேயே உள்ளே வேலை நடக்கும். வலி மாத்திரையும் காய்ச்சலை அமுக்கிவிடும்.

டாக்டர்கள் பார்க்கும் விதத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நோயாளி தானாகக் கையைத் தூக்குவது வேறு, டாக்டர் பிடித்து மெல்லத் தூக்கிவிடுவது வேறு. தசைநார் கிழிந்திருந்தால் தானாகத் தூக்க முடியாது. பிறர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் மேலே போகும். ஃப்ரோசன் ஷோல்டரில் பிறர் தூக்கினாலும் ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடும், ஆனால் அதுவரை போகும். வலி அந்தக் கடைசியில்தான். மூட்டுக்குள் சீழ் என்றால் முதல் இரண்டு விரற்கடை அசைவிலேயே ஆள் துடித்துப்போவார். எந்தத் திசையானாலும் அப்படித்தான். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு யாரையும் தொடவிட மாட்டார். சித்தப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றவே விடவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மாதக்கணக்கில் இறுகியிருந்த தோள் நான்கே நாளில் குணம் மாறியிருக்கிறது. பழைய வலிக்கு மேல் புது மாதிரி வலி ஏறினால் பழைய பெயரையே அதற்கும் வைக்கக் கூடாது. சர்க்கரை, முடக்குவாதம், டயாலிசிஸ், சமீபத்தில் மூட்டில் ஊசி அல்லது ஆபரேஷன், உடம்பில் வேறெங்காவது ஆறாத புண் என்று ஏதாவது கூட இருந்தால் சந்தேகம் இரண்டு மடங்கு. அவர் காலைப் பார்த்தேன். கரும்புக் கட்டை குத்திய புண் ஒன்று, குதிகாலுக்கு மேலே, பாதி ஆறியும் ஆறாமலும். கிருமி மூட்டுக்குப் போவது பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகத்தான். அதனால் அந்த ஊசியைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். மூட்டு ஊசியால் கிருமி ஏறுவது அபூர்வம். திரும்பி வந்தவரைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்பியதுதான் என் வருத்தம்.

இதே மாதிரி நடிக்கும் வேறு நோய்களும் உண்டு. தசைநாரில் சுண்ணாம்பு படிந்து ஒரே ராத்திரியில் வெடிப்பதுபோல வலிக்கலாம். மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேரும் கௌட் தோளுக்கும் வரலாம். கழுத்து எலும்பில் நரம்பு நசுங்கினால் வலி தோளில் இறங்கும். இடது தோள் வலியோடு வியர்வை, மூச்சு முட்டல், நெஞ்சில் பாரம் என்றால் மூட்டு விஷயத்தை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு முதலில் இசிஜி.

காத்திருப்பதும் கட்டுப் போடுவதும்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. சீழில் இருக்கும் நொதிகள் மூட்டின் குருத்தெலும்பை அரிக்கும். அது வாரக்கணக்கில் இல்லை, சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. அரித்த குருத்தெலும்பு திரும்ப வளராது. எண்ணெய் போட்டு உருவுவது, பிசியோதெரபியில் கையை வளைத்துத் தூக்குவது, இரண்டும் இந்த நேரத்தில் வேண்டாம். சித்தியிடம், "சீழ் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு எந்தக் கட்டு வேணும்னாலும் போட்டுக்குங்க" என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.

ஐந்து நாள் மாத்திரை

கேட்பதற்கு நியாயமாகப் படும் வழி இதுதான். செலவு குறைவு, மெடிக்கல் ஷாப் தெருமுனையில், கிருமி இருந்தால் செத்துவிடும், இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அப்படித்தானே தோன்றுகிறது?

எங்கள் மேசையில் இது வேறு மாதிரி வந்து சேரும். மாத்திரை நான்கு நாள் போட்டபின் வலி கொஞ்சம் தணியும். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி ரத்தத்தில் இறங்கும். எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். மூட்டுக்குள் கோத்த சீழ் அங்கேயேதான் இருக்கும். பத்தாவது நாள் வலி திரும்பி வரும்போது யாராவது ஒரு டாக்டர் மூட்டு நீரை எடுத்து அனுப்புவார். கலங்கலாக, சீழ் அணுக்கள் நிறைந்து வரும். தட்டில் பரப்பி இன்குபேட்டரில் வைத்தால் ஒன்றும் முளைக்காது, முளைக்க விடாத அளவுக்கு மாத்திரை கிருமியை அமுக்கியிருக்கும். ஐந்து நாள் பார்த்துவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அந்த இரண்டு வார்த்தையை எழுதும்போது கை கூசும். கிருமி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். அதன் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

பெயர் எதற்கு என்றால், மூட்டுச் சீழுக்கு மருந்து ஐந்து நாளில் முடிவதில்லை. சீழைக் கழுவி எடுத்துவிட்டு வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், ஆரம்பத்தில் நரம்பு வழியாக. அத்தனை வாரமும் எந்த மருந்து என்பது கிருமியின் பெயரையும், அது எதற்கு அடங்கும் என்பதையும் பொறுத்தது. பெயர் தெரியாவிட்டால் டாக்டர் குத்துமதிப்பாகப் பெரிய மருந்துகளாகக் கொடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரைக்காரரின் சிறுநீரகம்தான் அதற்கு விலை கொடுக்கும்.

அதனால்தான் மூட்டு நீரை எடுத்த பிறகே மருந்து என்கிறேன். இதற்கு ஒரே விலக்கு உண்டு, அதை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் குழம்பிப் பேசுகிறார், மூச்சு வாங்குகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, கை கால் சில்லிடுகிறது என்றால் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கலாம். அங்கே மருந்தைத் தள்ளிப்போடும் பேச்சே கிடையாது. 108ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தக் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி முளைக்கிறதா என்று பார்க்க, எடுத்த கையோடு மருந்தை ஏற்றிவிடுவார்கள். அதற்கும் சில நிமிஷம்தான் ஆகும்.

ரத்தப் பரிசோதனை

அண்ணி சொன்னது தவறில்லை. சிஆர்பி, ஈஎஸ்ஆர், வெள்ளை அணு எண்ணிக்கை, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைக் கடலூரிலேயே எந்த லேபிலும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், செலவும் சில நூறுகளில் முடியும். இவற்றில் நான் அதிகம் மதிப்பது சிஆர்பியை. கிருமி நுழைந்த சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். நோய் அடங்கினால் வேகமாக இறங்கும். அதனால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்தொடரவும் அதுதான் கைகொடுக்கும். ஈஎஸ்ஆரும் அழற்சியைக் காட்டுவதுதான், ஆனால் மாட்டு வண்டி. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். வயதானாலும் ரத்தசோகை இருந்தாலும் சும்மாவே கூடிக் கிடக்கும்.

ஆனால் சிஆர்பி 120 என்று வந்தால் உடம்பில் எங்கோ நெருப்பு என்றுதான் தெரியும். தோளிலா, சிறுநீர்ப்பையிலா, காலிலுள்ள புண்ணிலா என்று சொல்லாது. கௌட் வந்தாலும் ஏறும். வெள்ளை அணுக்கள் சாதாரணமாகவே இருக்கிற மூட்டுச் சீழும் உண்டு. சுருக்கமாக, கூடியிருந்தால் சந்தேகத்தைக் கூட்டலாம், சாதாரணமாக இருந்தால் சந்தேகத்தைக் கைவிட முடியாது.

யூரிக் அமிலத்தைப் பார்த்து முடிவு கட்டுவது ஒரு பொறி. கௌட் தாக்கும் நேரத்திலேயே அது சாதாரணமாக இருக்கலாம். கௌட் இல்லாத பலருக்கு அது கூடியும் இருக்கலாம். அதை வைத்து, "இது கௌட்தான், சீழ் இல்லை" என்று யாராவது சொன்னால் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்.

ரத்தத்தில் எடுக்க வேண்டிய, ஆனால் யாரும் கேட்காத ஒன்று ரத்தக் கல்ச்சர். இரண்டு தனித்தனி இடங்களில் குத்தி இரண்டு செட் எடுக்க வேண்டும். மூட்டு நீரில் முளைக்காத கிருமி சில சமயம் ரத்தப் பாட்டிலில் முளைத்துவிடும். இதுவும் மருந்துக்கு முன்னால்தான்.

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ

எக்ஸ்ரே முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. எலும்பு அரிப்பு தெரிய இரண்டு வாரமாவது ஆகும். ஆனாலும் எடுப்பது வீண் இல்லை. எலும்பு முறிவு, சுண்ணாம்புப் படிவு தெரியும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரம்பப் படமும் கிடைக்கும்.

அல்ட்ராசவுண்டைத்தான் நம் ஊரில் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் எடுப்பது என்றே நினைப்பு. தோளில் நீர் கோத்திருக்கிறதா, எங்கே கோத்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் காட்டிவிடும். தோளில் இரண்டு அறை இருக்கிறது. பந்தும் கிண்ணமுமான மூட்டு கீழே. அதன் மேல், தசைநாருக்கும் எலும்புக்கும் நடுவில், ஒரு மெல்லிய பை. சீழ் மேல் பையில் மட்டும் இருந்து, டாக்டர் ஸ்கேன் பார்க்காமல் குத்துமதிப்பாக மூட்டுக்குள் குத்தினால் ஊசியில் ஒன்றும் வராது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குத்தினால் இந்தத் தவறு நேராது. ஆனால் கோத்திருக்கும் நீர் சீழா, ரத்தமா, வெறும் வாத நீரா என்று அது சொல்லாது.

இப்போது தம்பியின் எம்ஆர்ஐ. அது அருமையான கருவி, மறுக்கவில்லை. எலும்பு மஜ்ஜைக்குள் கிருமி ஏறியிருப்பதை எக்ஸ்ரேவுக்கு வெகு முன்னதாகவே காட்டும். தசைக்குள் ஒளிந்த சீழ்க்கட்டியைக் காட்டும். கழுவி எடுத்த பின்னும் காய்ச்சல் விடவில்லை என்றால், மிச்சம் எங்கே இருக்கிறது என்று தேட அதைவிட நல்ல வழி இல்லை. முதல் நாள் கேள்விக்குத்தான் அது பதில் தருவதில்லை. முடக்குவாத மூட்டும் சீழ் மூட்டும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 'நீர் கோத்துள்ளது, சவ்வு தடித்துள்ளது, கிருமித்தொற்றாக இருக்கலாம், பரிசோதனையோடு ஒப்பிடவும்' என்று ரிப்போர்ட் வரும். சில ஆயிரம் செலவழித்து, ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருந்து, கடைசியில் எந்த ஊசியைத் தவிர்க்க நினைத்தோமோ அதே ஊசிக்குத்தான் வந்து நிற்போம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எம்ஆர்ஐ எல்லா இடத்திலும் முடியாது. கையை அசைக்க முடியாமல் துடிக்கிறவரை அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்வதும் லேசான காரியம் இல்லை. அதே நாளில் எம்ஆர்ஐ கிடைத்து, அதனால் ஊசி ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகாது என்றால் எடுங்கள். தள்ளிப்போகும் என்றால் ஊசி முதலில்.

அந்த ஊசி

மூட்டு நீர் எடுப்பதற்கு மயக்கம் கொடுக்கத் தேவையில்லை. தோலை மரக்க வைத்து, பெரும்பாலும் தோளின் பின்பக்கமிருந்து, சுத்தமான முறையில் சற்றுப் பெரிய ஊசியை நுழைப்பார்கள். சிவந்து புண்ணான தோல் வழியாக மட்டும் குத்தக் கூடாது. வெளியே இருக்கும் கிருமியை உள்ளே கொண்டுபோனதாகிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஆனால் பெரும்பாலும் அதனாலேயே ஊசி நிற்பதில்லை.

வந்த நீரைக் கண்ணால் பார்த்தாலே பாதி தெரியும். நல்ல மூட்டு நீர் வெளிர் மஞ்சள். குழாய்க்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்து படிக்கலாம். சிரிஞ்சிலிருந்து ஒரு சொட்டு விட்டால் கம்பிப் பதத்தில் பாகு இழுபடுவதுபோல நூலாக நீளும். சீழ் வந்த மூட்டு நீர் கலங்கி, எழுத்தை மறைத்து, மோர் மாதிரி சொட்டுச் சொட்டாக விழும்.

அப்புறம் எண்ணிக்கை. நல்ல மூட்டில் ஒரு கன மில்லிமீட்டருக்கு வெள்ளை அணு 200க்குள். 50,000ஐத் தாண்டி, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு நியூட்ரோஃபில் என்ற வகை அணு என்றால் சீழ் என்றே நினைத்து வேலை தொடங்கும். 20,000 என்று வந்தால் 'இல்லை' என்று அர்த்தம் இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் குறைவாகவே வரும். கௌட் சில சமயம் 50,000ஐயும் தாண்டும். அதனால் அதே நீரில் படிகம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படிகம் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்றும் ஆகாது. கௌட்டும் கிருமியும் ஒரே மூட்டில் குடியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கிராம் ஸ்டெயின், அதாவது சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் கிருமியைத் தேடுவது, ஒரு மணி நேரத்தில் முடியும். கிருமி இருக்கிற மூட்டுகளிலேயே சுமார் பாதியில்தான் அதில் தெரியும். தெரிந்தால் அன்றே மருந்துக்குத் திசை கிடைத்துவிடும். தெரியாவிட்டால் கல்ச்சருக்குக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலானவை 24 முதல் 48 மணி நேரத்தில் முளைக்கும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய இன்னும் ஒரு நாள்.

இங்கேதான் என் தொழில் ஆதங்கம். எடுத்த நீரை என்ன செய்கிறார்கள் என்பதில் பாதி விஷயம் கெட்டுப்போகிறது. எண்ணிக்கைக்கு ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாய் வேண்டும். வெறும் குழாயில் வைத்தால் கட்டிதட்டிவிடும். கல்ச்சருக்கு ஸ்டெரைல் குழாயிலும், முடிந்தால் கட்டிலருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் விட வேண்டும். சில சொட்டுதான் வந்தது என்றால் கல்ச்சருக்கே முதல் பங்கு. கல்ச்சர் குழாயை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. ஒரு தடவை ஃபார்மலினில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கிருமி, நோயாளியின் அதிர்ஷ்டம், எல்லாமே அதில் செத்துக் கிடந்தன.

ஊசியில் ஒன்றும் வரவில்லை என்றால்? இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அல்ட்ராசவுண்டோடு திரும்பக் குத்துவார்கள். அப்போதும் வரவில்லை, சந்தேகமும் தீரவில்லை என்றால்தான் எம்ஆர்ஐ தன் இடத்துக்கு வருகிறது. சிலருக்கு ஆபரேஷன் தியேட்டரில் துளை வழியே பார்த்துச் சவ்வுத் துண்டு எடுப்பார்கள்.

இந்தக் கணக்கு மாறும் இடங்கள்

செயற்கைத் தோள் மூட்டு வைத்தவர்களுக்கு மேலே சொன்ன எண்கள் செல்லாது. அங்கே பெரும்பாலும் எதிரி க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ். முகப்பருவோடு சேர்த்துப் பேசப்படும் அதே கிருமி; தோள் பகுதித் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் சாதுவாகக் குடியிருப்பது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, சிஆர்பிகூட ஏறாது. மாதக்கணக்கில் காரணம் தெரியாத வலியும் இறுக்கமும்தான். ஊசியில் நீரும் பலமுறை வராது. ஆபரேஷனில் ஐந்து இடத்திலாவது திசு எடுத்து, கல்ச்சரை 14 நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று தட்டைத் தூக்கிப்போட்டால் கிருமி தப்பித்துவிடும். எலும்பு மூட்டுக் கிருமித்தொற்று பற்றி 2018இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய சர்வதேசக் கருத்தொருமிப்புக் கூட்டம் தோளுக்கென்றே தனியாக இலக்கணம் வகுத்தது இதனால்தான். இப்படிப்பட்டவர் லேபுக்கு அனுப்பும் சீட்டில் 'செயற்கை மூட்டு' என்று எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

காசநோய் தோளுக்கு வந்தால் மெதுவாக வரும். தோளில் அது பெரும்பாலும் சீழ் இல்லாமல் உலர்ந்த வகையாக இருக்கும். மாதக்கணக்கில் தசை வற்றி, பார்க்க அசல் ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரியே. சாதாரணக் கல்ச்சரில் முளைக்காது. திசுவை எடுத்து, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் காசநோய்க் கல்ச்சருக்கும் தனியாக அனுப்ப வேண்டும்.

நம் பக்கத்துக்கு இன்னொன்றும் சேர்த்தே ஆக வேண்டும். மெலியாய்டோசிஸ். 1912இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் முதலில் விவரித்த நோய். கிருமி வயல் சேற்றிலும் மழைநீரிலும் வாழ்வது. காலில் புண்ணோடு சேற்றில் இறங்கும் சர்க்கரைக்காரர்தான் அதற்குப் பிடித்த ஆள். மழைக்காலத்தில் கூடும், மூட்டுக்கும் வரும். இந்தக் கிருமியைச் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியாகத் தவறாக எழுதிவிடுவது லேபுகளில் நடக்கிற தவறு, எங்கள் தொழிலைச் சேர்த்தே சொல்கிறேன். மருந்தும் வேறு, சாப்பிட வேண்டிய மாதங்களும் அதிகம். ஆகவே சித்தப்பாவின் சீட்டில் 'விவசாயி, காலில் புண், மழைக்காலம்' என்று என் கையாலேயே எழுதினேன்.

கைக்குழந்தை ஒரு கையை அசைக்காமல் போட்டுவைத்து, தூக்கினால் வீறிட்டு அழுதால் அது சுளுக்கு என்று நினைக்க வேண்டாம். தோள் எலும்பில் தொடங்கும் கிருமி சிறு குழந்தைகளுக்கு எளிதாக மூட்டுக்குள் உடைத்துக்கொண்டு போகும். அன்றே ஆஸ்பத்திரி.

கடலூரிலா, புதுச்சேரியிலா

எங்கே என்பதைவிட எதைக் கேட்டுவிட்டுப் போவது என்பது முக்கியம் என்று எனக்குப் படுகிறது. போனில் மூன்றே கேள்வி: எலும்பு டாக்டர் இன்று இருக்கிறாரா, மூட்டு நீர் இன்றே எடுப்பார்களா, கல்ச்சர் அங்கேயே வைக்கிறார்களா அல்லது வெளியே அனுப்புகிறார்களா. வெளியே அனுப்புகிற இடமானால் சாம்பிள் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது நான்காவது.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனை பக்கத்தில். ராத்திரியில் வலி தாங்காமல் ஓட வேண்டும் என்றால் அங்கேதான் முதலில். தெற்கே இருக்கிறவர்களுக்குச் சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால் கோரிமேட்டில் ஜிப்மர். மத்திய அரசு நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டுக்காரர்களும் தாராளமாகப் போகலாம். அங்கே புறநோயாளிப் பிரிவின் வரிசையில் நிற்பதா, அவசரப் பிரிவுக்குப் போவதா என்று கேட்டால், கையைத் தொடவே விடாத ஆளை வரிசையில் நிறுத்துவதில் அர்த்தம் இல்லை, அவசரப் பிரிவு. தனியாரில் போகிறவர்கள் ஸ்கேன் சென்டருக்கு முதலில் போகாமல் எலும்பு டாக்டரிடம் முதலில் போனால் போதும், மிச்சத்தை அவர் வரிசைப்படுத்திவிடுவார்.

நாங்கள் அன்று ராத்திரியே நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனோம். லேபில் எனக்குத் தெரிந்தவர்கள் என்ற ஒரே காரணம்தான். கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது சித்தப்பா பல்லைக் கடித்தார். கன்னியக்கோயில் தாண்டியபின் எதுவுமே பேசவில்லை. ரத்தக் கல்ச்சர் இரண்டு செட் எடுத்தார்கள். அல்ட்ராசவுண்டில் மூட்டுக்குள் நீர் தெரிந்தது. பின்பக்கமிருந்து குத்தி 9 மில்லி வந்தது. மோர்தான். கடைசிச் சொட்டு ஸ்டெரைல் குழாயில் விழுந்த பிறகே மருந்துப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

எண்ணிக்கை 78,000. கிராம் ஸ்டெயினை நானே பார்க்கவில்லை. சொந்தக்காரர் சாம்பிளில் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். கூட வேலை செய்யும் பெண் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, "அக்கா, கொத்துக் கொத்தா இருக்கு" என்றாள். திராட்சைக் கொத்துப்போல ஊதா உருண்டைகள். மறுநாள் காலையில் துளை வழியே மூட்டைக் கழுவினார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், மூட்டுச் சீழில் எல்லாரையும்விட அதிகம் வருகிற பழைய ஆள். ரத்தப் பாட்டிலிலும் அதுவே முளைத்தது. செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்கியது, டாக்டர் ஆரம்பித்திருந்த பெரிய மருந்தை நிறுத்திவிட்டு அதற்கு மாற்றினார்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சித்தப்பாவின் சட்டைப்பையில் இருந்த அந்தப் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். கிளினிக்கில் ஐந்து நாளைக்கு எழுதியிருந்தது சிப்ரோஃப்ளாக்சசின். ரிப்போர்ட்டில் அந்தப் பெயருக்கு நேரே 'ஆர்' என்று இருந்தது. அந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காது என்று எங்கள் பாஷையில் அர்த்தம். தம்பி எட்டிப் பார்த்து, "ஆர்னா என்னக்கா?" என்றான். சொன்னேன். சித்தி சீட்டை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.